ஸ்கேனில் தெரியும் மங்கலும் மாடியிலுள்ள புறாக்களும்

செல்லூரிலிருந்து எழுதியிருக்கும் உங்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் அறிக்கையிலுள்ள ‘கிரவுண்ட் கிளாஸ்’ (தேய்த்த கண்ணாடி போன்ற மங்கல்) என்ற சொல்லை இணையத்தில் தேடிப் புற்றுநோய் என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். நீங்கள் படித்தது, ஒரே இடத்தில் தோன்றிப் பல மாதங்களாக மறையாமல் நிற்கும் தனிப் புள்ளியைப் பற்றியதாக இருக்கும். உங்கள் அறிக்கை குறிப்பிடுவதோ இரண்டு நுரையீரல்களிலும் திட்டுத் திட்டாகப் பரவிய மங்கல். மூன்று மாத வறட்டு இருமலோடு இப்படியொரு படத்தைப் பார்க்கும் மருத்துவர் முதலில் நினைப்பது அழற்சியைத்தான்.

சி.டி. படத்தில் காற்று நிறைந்த நுரையீரல் கருப்பாகத் தெரியும். காற்றறைகளின் சுவர் வீங்கினாலோ, உள்ளே நீர் ஓரளவு கசிந்தாலோ, அந்த இடம் சாம்பல் பூசியதுபோல் மங்கும். ஆனாலும் இரத்தக் குழாய்கள் அதனூடே தெரியும். அறைகள் முழுதும் நிரம்பினால் குழாய்களும் மறைந்துவிடும். அழற்சி எங்கே, எவ்வளவு என்பதை இவ்வளவு நுட்பமாகக் காட்டும் படம், எதனால் என்பதைத் தனியாகச் சொல்லிவிடாது. கிருமி, மருந்து, மூட்டுவாதம், தூசி என்று பலவும் இதே மங்கலைத் தரும்.

மொட்டை மாடியில் புறா வளர்ப்பதையும், கூண்டைத் தினமும் நீங்களே கூட்டுவதையும் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். காரணத்தை அங்கேதான் தேட வேண்டும். புறாவின் எச்சத்திலும் இறகுத் துகளிலும் உள்ள புரதங்களைத் தொடர்ந்து சுவாசிக்கும் சிலருக்கு இத்தகைய அழற்சி வருகிறது. கவனிக்காமல் விட்டால் நுரையீரல் தழும்பேறி, பிறகு மீளாது. மூச்சை முழுதும் வெளிவிட்ட நிலையிலும் படம் எடுத்திருந்தால், காற்று சிக்கிய பகுதிகள் கருப்பாகவே நிற்கும். அது இந்தச் சந்தேகத்தை வலுப்படுத்தும். நோய் இன்னதென்று தெரியும்வரை மாடிப் பக்கமே போகாதீர்கள்.

படியேறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்குவதை வயதின் மேல் போடுகிறீர்கள். 44 வயதில் அது முதுமையின் வேலை அன்று. உட்கார்ந்தபடி, விரலில் மாட்டி இரத்த ஆக்சிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் 97 பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, சமதளத்தில் ஆறு நிமிடம் நடந்துவிட்டுப் பாருங்கள். தலைசுற்றினால் உடனே நிறுத்துங்கள். 4 புள்ளிகளோ அதற்கு மேலோ இறங்கினாலும், 90-க்குக் கீழே போனாலும் அன்றைக்கே நுரையீரல் சிறப்பு மருத்துவரைப் பாருங்கள். ஓய்விலேயே மூச்சு திணறினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ 108-ஐ அழையுங்கள்.

உங்கள் மற்றக் கேள்விகளுக்கு வருகிறேன். அறிக்கையிலுள்ள சுண்ணாம்பு படிந்த சிறு முடிச்சு பெரும்பாலும் என்றோ ஆறிய தொற்றின் தடம். உங்களுக்கு முடி உதிர்வதற்கு ஸ்கேன் காரணமில்லை. ஒரு மார்பு சி.டி.யின் கதிர்வீச்சு பொதுவாக 5 முதல் 7 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து சில ஆண்டுகளில் நாம் பெறும் அளவுதான். நீங்கள் கேட்கும் பெட் ஸ்கேனுக்கு இப்போது அவசரம் இல்லை. கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை உறிஞ்சும் செல்களை அது ஒளிரச் செய்யும். அழற்சியும் காசநோயும்கூட அதில் ஒளிரும் என்பதால் உங்கள் பயம்தான் கூடும்.

மைத்துனர் சொன்னார் என்று மருந்துக் கடையில் ஸ்டீராய்டு வாங்கி இரண்டு வாரம் விழுங்கியிருக்கிறீர்களே, அதற்கு என்ன சொல்வது? இருமல் அடங்கியதை வைத்து நோய் போனதாக நினைக்காதீர்கள். காசநோய் ஒளிந்திருந்தால் அந்த மாத்திரை அதை வளர்த்துவிடும். மங்கலைத் தற்காலிகமாகக் கரைத்து, அடுத்த ஸ்கேனைப் படிப்பவரையும் குழப்பும். நீங்களாகத் தொடங்கியதை நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம். அளவையும் நாட்களையும் ஒளிக்காமல் மருத்துவரிடம் சொல்லி, அவர் சொல்கிறபடி குறையுங்கள். அரசு மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனை இலவசம். இந்த வாரமே செய்துகொள்ளுங்கள். போகும்போது அறிக்கைத் தாளோடு ஸ்கேன் படங்களையும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்.