சாயத்தில் நச்சு தேடும் வேலைக்கு மகளை அனுப்பலாமா?

திருப்பூரிலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு,

மகள் பி.எஸ்சி. வேதியியல்தான் படிப்பேன் என்கிறாள், பனியன் துணியில் நச்சு ரசாயனம் இருக்கிறதா என்று பார்க்கும் லேபில்தான் வேலை செய்வேன் என்கிறாள், இது நிலைக்கிற வேலையா, உடம்புக்கு ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பதாகவும் சொல்கிறீர்கள். அப்படியென்றால் டெஸ்ட் ரிப்போர்ட் வராமல் ஷிப்மென்ட் நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த ரிப்போர்ட்டைத் தருகிற இடத்தைப் பற்றித்தான் பிள்ளை பேசுகிறாள்.

முதலில் வேலை நிலைக்குமா என்பது. அசோ என்ற வகைச் சாயங்களில் சில சிதைந்தால் புற்றுநோய் தரக்கூடிய அமீன் என்ற ரசாயனங்கள் வெளிவரும். அதனால் 1990-களில் ஜெர்மனி அவற்றைத் தடை செய்தது, பிறகு ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கத் தடை வந்தது. ஒரு கிலோ துணியில் அப்படிப்பட்ட அமீன் எதுவும் 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. குழந்தைகள் பொருளில் ஈயத்துக்கு அமெரிக்கா 2008-இல் சட்டம் போட்டே வரம்பு வைத்தது. செருப்பு, பை செய்யும் பதனிட்ட தோலில் குரோமியம் ஆறு என்ற நச்சு வகைக்கு ஐரோப்பாவில் 2015 முதல் கிலோவுக்கு 3 மில்லிகிராம்தான் வரம்பு. ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இது மனப்பாடம். இந்தப் பட்டியல் நீண்டுகொண்டேதான் போகிறது, அத்தனைக்கும் டெஸ்ட் வேண்டும். ஆர்டர் குறைந்தால் லேபுக்கு வரும் சாம்பிளும் குறையும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் இதே கைத்திறனோடு மருந்து, உணவு, குடிநீர் லேப் எதற்கும் போகலாம்.

அப்புறம், அங்கே என்னதான் செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அசோ டெஸ்ட்டையே எடுத்துக்கொள்வோம். துணியைப் பொடிப்பொடியாக வெட்டி ஒரு கிராம் நிறுத்து, 70 டிகிரி சூட்டில் ஒரு கரைசலில் வைப்பார்கள். அதில் சோடியம் டைதயோனைட் சேர்ப்பார்கள். வேறொன்றுமில்லை, சாயப்பட்டறையில் ஏறின சாயத்தை உரிக்கப் போடும் ஹைட்ரோஸ்தான் அது. அரை மணி நேரத்தில் சாயம் உடையும். வெளிவந்த அமீனை ஈதர் மாதிரி ஒரு கரைப்பானால் பிரித்தெடுத்து, எந்த அமீன், எவ்வளவு என்று காட்டும் ஜிசி-எம்எஸ் என்ற மெஷினில் ஏற்றுவார்கள்.

இதுவரைக்கும் பழகினால் யாருக்கும் வந்துவிடும். இதற்கு மேல்தான் படிப்பு வேலை செய்கிறது. துணியில் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைப் பிரிண்ட் இருந்தால், தடைப் பட்டியலில் உள்ள ஓர் அமீன் சாயமே காரணமில்லாமல் அந்தப் பிரிண்டிலிருந்தே வரலாம். மெஷின் அளவைக் காட்டும், எங்கிருந்து வந்தது என்று காட்டாது. அதேபோல, அமினோஅசோபென்சீன் என்ற தடை செய்த பொருள் இந்த டெஸ்ட்டிலேயே மேலும் உடைந்து அனிலினாக நிற்கும். அனிலின் பட்டியலில் இல்லையே என்று பாஸ் போட்டால் தப்பு. அதற்கென்று இருக்கிற தனி டெஸ்ட்டைச் செய்ய வேண்டும். இதைச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் சில வருடங்களில் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் பொறுப்பு வரும். சம்பளம் ஏறுவதும் அங்கேதான். ஆரம்பச் சம்பளம் சுமாராகத்தான் இருக்கும், ஐ.டி.க்குப் போன பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிட்டு அவளை நோகடிக்காதீர்கள்.

உடம்பைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானதுதான், ஆனால் இடம் மாறியிருக்கிறது. சாம்பிள் துணியில் இருப்பது மிகச் சிறிய அளவு. பார்க்க வேண்டியது தினமும் புழங்கும் கரைப்பான்களையும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக லேபில் வைத்திருக்கும் அமீன் கரைசல்களையும். புகை உறிஞ்சும் கூண்டுக்குள் கை வைத்து, கையுறை போட்டு வேலை செய்கிற பழக்கம் உள்ள லேப் என்றால் பயமில்லை. இன்டர்வியூவுக்குப் போனால் லேபைச் சுற்றிக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். வாசலிலேயே கரைப்பான் வாடை மூக்கில் ஏறினால் அந்த இடம் வேண்டாம். லேப்களின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் எந்தெந்த டெஸ்ட்டுக்கு இருக்கிறது என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள். பல லேபில் ஷிப்ட் உண்டு, இரவு வண்டி விடுகிறார்களா என்பதை நீங்களே கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

இன்னொன்று. "எப்படியாவது பாஸ் போட்டுக் கொடுங்க, கன்டெய்னர் நிக்குது" என்று போன் வரும். அதற்கு முடியாது என்று சொல்லும் நெஞ்சழுத்தம் பிள்ளைக்கு இருக்கிறதா என்று அவளைத் தெரிந்த நீங்கள்தான் சொல்ல முடியும். மார்க்கைவிட இதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

படிப்பைப் பொறுத்தவரை, பி.எஸ்சி.யோடு நிற்காமல் எம்.எஸ்சி. வரை போகட்டும். தோல் பக்கம் ஆர்வம் வந்தால் அண்ணா பல்கலைக்கழகத்தில் தோல் தொழில்நுட்பம் இருக்கிறது. புராஜெக்ட்டுக்குக் கோவையில் உள்ள ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ராவையோ, சென்னை அடையாற்றில் உள்ள தோல் ஆராய்ச்சி நிலையமான சிஎல்ஆர்ஐ-யையோ கேட்டுப் பார்க்கலாம். மூன்று மாதப் பயிற்சி, வேலை உறுதி என்று பெரிய பணம் கேட்கும் விளம்பரங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். அந்த மெஷின்களை வேலைக்குச் சேர்ந்தபின் லேபே சொல்லித்தரும்.

கல்லூரியைக் கட்டடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். மகளைக் கூட்டிக்கொண்டு போய், அங்கே மூன்றாம் வருடம் படிக்கும் பெண் ஒருத்தியிடம் அவளையே கேட்கச் சொல்லுங்கள்: "அக்கா, லேபில் இருக்கிற மெஷினை நீங்களே ஓட்டியிருக்கீங்களா, இல்லை சார் ஓட்டும்போது பார்த்ததோடு சரியா?" ஓட்டியிருக்கிறேன் என்று எந்தக் கல்லூரியில் பதில் வருகிறதோ, அங்கே கட்டணம் எவ்வளவு என்று விசாரிக்கத் தொடங்குங்கள்.