பதில்: தாய்லாந்து தபால்தலையில் பச்சை முகம் – ராமரா?

வணக்கம். நீங்கள் படம் போட்டுக் கேட்ட தாய்லாந்து முதல்நாள் உறையில் (தபால்தலை வெளியான நாளிலேயே அதை ஒட்டி முத்திரை குத்திய அஞ்சல் உறை) இருக்கும் தலையின் பச்சை முகம் ராமர் இல்லைங்க, அது ராவணன். தாய்லாந்தின் 'கோன்' முகமூடி நாடகத்தில் அவனுக்குத் 'தோட்சகன்' என்று பெயர். ராமர் பச்சை நிறம்தான், அதனால் குழப்பம் வருவது சகஜம். ஆனால் இன்றைய மேடையில் ராமர், லட்சுமணர், சீதை மூவருக்கும் முகமூடி கிடையாது. தலையில் கூரான கிரீடம் மட்டும். கோரைப்பல்லும் உருட்டிய கண்ணும் இருந்தால் அரக்கன்தான். இந்திரஜித், விபீஷணன் முகங்களும் பச்சைதான், ஆகவே நிறத்தை நம்பாதீர்கள். லென்ஸ் வைத்து கிரீடத்தைப் பாருங்கள். அடுக்கடுக்காகக் குட்டி முகங்கள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

பக்கத்தில் வாய் பிளந்த வெள்ளைக் குரங்கு அனுமன். நம்மூர் பிரம்மச்சாரி என்று நினைத்துவிடாதீர்கள்! தாய்லாந்து ராமாயணமான 'ராமகியன்' கதையில் ராவணன் மகளான கடற்கன்னியையே காதலிக்கிறார், பிள்ளையும் பிறக்கிறது.

உறையில் அச்சாகியிருக்கும் 2524 விலையோ வரிசை எண்ணோ அல்ல, புத்த ஆண்டு. 543-ஐக் கழித்தால் 1981. கோன் கலை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது 2018-இல்தான், எனவே அதற்காக வெளியிட்ட தபால்தலை என்று கடைக்காரர் சொன்னதை விட்டுத்தள்ளுங்கள்.

தபால்தலையை உறையிலிருந்து தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். முதல்நாள் உறை முழுசாக இருந்தால்தான் மதிப்பு. பிவிசி கலக்காத பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். பின்பக்கப் படமும் போட்டால் மேற்கொண்டு பார்க்கலாம்.