ஜோசப் ஹோவ்: பத்திரிகை ஆசிரியர் முதல் கனடா அமைச்சர் வரை – கேள்வி பதில்

கே: சட்டம் படிக்காதவர் தன் வழக்கைத் தானே எப்படி ஜெயித்தார்?

ப: வேறு வழியில்லை. 1835 புத்தாண்டு அன்று அவருடைய ‘நோவாஸ்கோஷியன்’ பத்திரிகையில் ‘மக்கள்’ என்று கையெழுத்திட்ட ஒரு கடிதம் வந்தது, நோவா ஸ்கோஷியாவின் (இன்று கனடாவின் கிழக்கு மாகாணம், அன்று பிரிட்டிஷ் காலனி) தலைநகர் ஹாலிஃபாக்ஸின் மாஜிஸ்திரேட்டுகளும் போலீசும் 30 வருஷத்தில் ஜனங்களிடம் 30,000 பவுண்டுக்கு மேல் கறந்துவிட்டார்கள் என்று. உடனே அவதூறு வழக்கு. எழுதியது உண்மை என்று நிரூபித்தாலும் அன்றைய சட்டத்தில் தப்ப முடியாது, அதனால் வக்கீல்கள் கைவிரித்துவிட்டார்கள். சட்டப் புத்தகங்களை இரவல் வாங்கிப் படித்துவிட்டு வந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசினார். ஜூரியில் இருந்த ஒரு பெரியவர் கன்னத்தில் கண்ணீர் வழிவதைப் பார்த்ததும் தைரியம் வந்ததாம். இது அவதூறுதான் என்று தலைமை நீதிபதி சொல்லியும், ஜூரி பத்தே நிமிடத்தில் விடுதலை செய்தது.

கே: பத்திரிகைச் சுதந்திரத்தைச் சட்டமாக்கியது அந்தத் தீர்ப்புதானே?

ப: இல்லை. சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாறியது ஜனங்களின் துணிச்சல். தயவுசெய்து இரண்டையும் குழப்பாதீர்கள்.

கே: பத்திரிகைத் தொழில் அரசியலுக்கு உதவியதா?

ப: முழுக்க முழுக்க. குதிரையேறி ஊர் ஊராகப் போய்ப் பார்த்ததை எழுதினார், சட்டசபை விவாதங்களைத் தானே உட்கார்ந்து குறிப்பெடுத்துப் போட்டார். 1836இல் அதே சபைக்கு உறுப்பினராகப் போனபோது அவருக்கு அங்கே எதுவும் புதிதில்லை. 1848இல், சபைக்குப் பதில் சொல்லும் அமைச்சரவை பிரிட்டிஷ் காலனிகளிலேயே முதலில் நோவா ஸ்கோஷியாவுக்குக் கிடைத்தது. 1860 முதல் 1863 வரை அந்தக் காலனியின் பிரதமராகவும் இருந்தார்.

கே: நோவா ஸ்கோஷியா கனடாவோடு இணைவதை எதிர்த்துவிட்டு, அதே கனடாவின் முதல் பிரதமர் மெக்டொனால்டின் அமைச்சரவையில் சேர்ந்தது துரோகம் இல்லையா?

ப: இல்லை என்பேன். 1867 கனடா நாடாளுமன்றத் தேர்தலில் நோவா ஸ்கோஷியாவின் 19 இடங்களில் 18 இணைப்பு எதிர்ப்பாளர்களுக்கு. அந்த பலத்தோடு லண்டன் போய்க் கனடாவிலிருந்து பிரிய அனுமதி கேட்டார், மறுத்துவிட்டார்கள். அப்புறம் என்ன மிச்சம், கலவரமா, அமெரிக்காவோடு சேர்வதா? இரண்டும் அவருக்குப் பிடிக்காது. பேரம் பேசி, நோவா ஸ்கோஷியாவுக்குப் பத்து வருஷத்துக்கு ஆண்டுதோறும் 82,698 டாலர் கூடுதல் மானியம் வாங்கினார்.

கே: பதவிக்காகத்தானே போனார்?

ப: மேலே சொன்னேன். அன்றைய விதிப்படி அமைச்சரானதும் 1869இல் இடைத்தேர்தலில் நின்றாக வேண்டியிருந்தது, பழைய நண்பர்களே எதிரே நின்றார்கள். ஜெயித்தார். ஆனால் அந்தப் பனிக்காலப் பிரச்சாரத்தில் போன உடம்பு கடைசிவரை தேறவில்லை. சுகத்துக்குப் போனவருக்கு இந்த நிலை வராது.

கே: தீர்ப்பால் பத்திரிகைச் சட்டம் மாறியதாகப் படித்தேனே?

ப: இரண்டாவது பதிலைப் பாருங்கள். மாறவில்லை.

கே: துப்பாக்கிச் சண்டை போட்டாராமே?

ப: 1840இல், தலைமை நீதிபதியின் மகனோடு. மகன் சுட்டது தவறியது, ஹோவ் வானத்தை நோக்கிச் சுட்டார்.





கே: கடைசிப் பதவி?

ப: நோவா ஸ்கோஷியாவின் லெப்டினன்ட் கவர்னர் (மாகாணத்தில் பிரிட்டிஷ் அரசியின் பிரதிநிதி), 1873 மே மாதம். மூன்றே வாரம். ஜூன் 1ஆம் தேதி ஹாலிஃபாக்ஸ் கவர்னர் மாளிகையிலேயே இறந்தார்.