காப்பீட்டு அட்டை முதலிலா, ஆஸ்பத்திரி முதலிலா? – கேள்வி பதில்

பல நாடுகளின் மருத்துவ முறைகளைப் பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: அக்கா, எந்த நாட்டு முறை சிறந்தது? பிரிட்டனா, ஜெர்மனியா?

பதில்: இரண்டும் வேறு வேறு வழியில் ஒரே இடத்துக்கு வந்தவை, தம்பி. ஜெர்மனியில் 1883இல், அரசுத் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் காலத்தில், தொழிலாளர் நோய்க் காப்பீடு தொடங்கியது. தொழிலாளியும் முதலாளியும் சந்தா கட்டுகிறார்கள். பிரிட்டனில் 1948 ஜூலை 5 முதல் அரசு மருத்துவச் சேவை வரிப்பணத்தில் நடக்கிறது. இரண்டிலும், படுக்கையில் இருப்பவர் பெரிய பில்லை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. பணம் எந்த வழியாக வருகிறது என்பதைவிட, நோய் வரும் முன்பே அது கட்டப்பட்டுவிட்டதா என்று பாருங்கள்.

கேள்வி: பிரிட்டனில் ஆபரேஷனுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்களாமே?

பதில்: உண்மைதான். ஆளும் போதவில்லை, படுக்கையும் போதவில்லை. ஆயிரம் பேருக்கு என்று கணக்கிட்டால் ஜெர்மனியில் ஏறக்குறைய மூன்று மடங்கு படுக்கைகள் உண்டு.

கேள்வி: தாய்லாந்து பணக்கார நாடு இல்லையே. அங்கே எல்லோருக்கும் எப்படிக் கொடுக்க முடிந்தது?

பதில்: இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். 2002இல் நாடு முழுவதும் வந்த 30 பாட் திட்டத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். பாட் அந்த நாட்டுப் பணம். ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போனால் 30 பாட் கொடுத்தால் போதும் என்று வைத்தார்கள். ஆனால் அதற்கு முந்தைய முப்பது வருடத்தை யாரும் பேசுவதில்லை. மருத்துவம் படித்து முடித்தவர்கள் சில வருடம் அரசுப் பணி செய்தே ஆக வேண்டும் என்று 1970களிலேயே வைத்துவிட்டார்கள். கிராமப்புறங்களில் சிறிய ஆஸ்பத்திரிகளைக் கட்டினார்கள். கிராமங்களில் சுகாதாரத் தன்னார்வலர்களைப் பழக்கினார்கள். திட்டத்தை வடிவமைத்த டாக்டர் சங்குவான் நித்யாரம்போங் அப்படிக் கிராமப்புறத்தில் பணி செய்த மருத்துவர்களில் ஒருவர். கட்டணம் 30 பாட் ஆனபோது, போவதற்கு ஒரு ஆஸ்பத்திரி ஏற்கெனவே இருந்தது!

இன்னொன்று, ஆஸ்பத்திரியில் பதிவான ஒவ்வொரு ஆளுக்கும் இவ்வளவு என்று வெளிநோயாளி சிகிச்சைக்கான பணம் முன்கூட்டியே போகிறது. தேவையில்லாத டெஸ்ட் எழுதினால் லாபம் இல்லை. டயாலிசிஸ் முதலில் திட்டத்தில் கிடையாது. குடும்பத்தையே கடனாளியாக்கும் சிகிச்சை அது. 2008இல் சேர்த்தார்கள், வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்துகொள்ளும் முறைக்கு முதலிடம் கொடுத்து. இருக்கிற பணத்தில் முடிந்ததைத் தொடங்கி, பிறகு விரித்த பொறுமை எனக்கு மிகவும் பிடிக்கும்.

கேள்வி: அமெரிக்கா அவ்வளவு செலவழித்தும் ஏன் ஜப்பானைவிட ஆயுள் குறைவு?

பதில்: ஆயுளுக்கு உணவு, துப்பாக்கி, போதை மருந்து என்று பல காரணங்கள். செலவுக்கு முதல் காரணம் விலை. நாட்டு வருமானத்தில் சுமார் 17 சதவீதம் மருத்துவத்துக்குப் போகிறது. ஆனால் டாக்டரிடம் அதிகம் போகிறவர்கள் ஜப்பானியர்கள்தான். அங்கே நாடு முழுவதற்கும் ஒரே விலைப்பட்டியல், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை திருத்துகிறார்கள். அமெரிக்காவில் ஒரே ஸ்கேனுக்கு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி விலை மாறும்.

கேள்வி: இலவசம் என்றால் சும்மா கூட்டம் சேரும். சிறு கட்டணம் வைத்தால் என்ன, மேடம்?

பதில்: அமெரிக்காவில் 1970களில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் இதைச் சோதித்தது. கட்டணம் வைத்தால் மக்கள் குறைவாகப் போனார்கள், சரி. ஆனால் தேவையில்லாத சிகிச்சையோடு தேவையான சிகிச்சையையும் விட்டார்கள். நோயாளிக்கு எது தேவை என்று எப்படித் தெரியும்? ஜப்பான் பெரும்பாலானவர்களிடம் சிகிச்சைச் செலவில் 30 சதவீதம் வாங்குகிறது. மாதத்துக்கு ஒரு உச்சவரம்பும் வைத்திருக்கிறது. அந்த வரம்பு இல்லாமல் கட்டணத்தை மட்டும் காப்பியடிக்காதீர்கள்.

கேள்வி: எங்களிடம் காப்பீட்டு அட்டை இருக்கிறது. ஆனாலும் அப்பாவின் சுகர் மாத்திரைக்கு மாதாமாதம் கைக்காசுதான். ஏன்?

பதில்: நம் நாட்டில் இந்த அட்டைகள் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். கனடாவிலும் இதே ஓட்டை உண்டு. டாக்டரும் ஆஸ்பத்திரியும் இலவசம், ஆனால் 1984 சட்டம் கடையில் வாங்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. நீங்கள் தமிழ்நாட்டில் இருந்தால் அப்பாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய்ப் பதிவு செய்யுங்கள். சுகர், பிரஷர் மாத்திரைகள் அங்கே இலவசம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் தருகிறார்கள்.