ஈர ஸ்கிராப், பாலிஷ் தூசு, பாட்லைன்: அலுமினிய உருக்காலைப் பாதுகாப்பு, கேள்வி பதில்

கோவை, சிறு பவுண்டரி உரிமையாளர்: சார், ஸ்கிராப் லேசாக ஈரமாக இருந்தால் என்ன? உலைச் சூட்டில் காய்ந்துவிடாதா?

காயாது, வெடிக்கும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். உங்கள் உலையில் சூடு 700-ஐத் தாண்டித்தான் இருக்கும். ஈரம் உலோகத்துக்கு அடியில் சிக்கினால் நொடியில் நீராவியாகி சுமார் 1,700 மடங்கு விரியும். போக வழி இல்லாததால் மேலே உள்ள உலோகத்தை ஆள் மேல் வீசியடிக்கும். உலோகம் சிதறித் தண்ணீரோடு நன்றாகக் கலந்துவிட்டால் இன்னும் மோசம்: தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை அலுமினியம் பிடுங்கிக்கொண்டு பெரும் வெப்பத்தோடு ஹைட்ரஜனை வெளியே தள்ளும். கூரையே பறக்கும் விபத்துகள் அப்படி நடப்பவைதான்.

ஈரம் கண்ணுக்குத் தெரியும் என்று நம்பாதீர்கள். நசுக்கிய பானக் கேன், இரு முனையும் அடைபட்ட குழாய், இன்காட் (வார்த்த உலோகக் கட்டி) நடுவில் உள்ள சுருக்கக் குழி, எல்லாவற்றிலும் தண்ணீர் இருக்கும். மழையில் நனைந்த இன்காட் மேலே காய்ந்திருந்தாலும் விரிசலுக்குள் ஈரம் நிற்கும். கூரைக்கு அடியில் வையுங்கள், சூடேற்றிய பிறகே உலையில் போடுங்கள். லேடில் (உருகிய உலோகத்தை அள்ளும் கரண்டி), கசடு வாரும் கம்பி, அச்சு எல்லாவற்றுக்கும் இதே விதிதான். துருப்பிடித்த கம்பி வேண்டவே வேண்டாம். துரு ஈரத்தைப் பிடித்து வைக்கும், உருகிய அலுமினியத்தோடு வினைபுரியவும் செய்யும். நைட்ரேட் உரம் ஒட்டிய ஸ்கிராப்பைத் தனியாகப் பிரித்து வெளியே வையுங்கள்.

ஒசூர், மெஷின் ஷாப் சூப்பர்வைசர்: மெஷின் சீவித் தள்ளும் அலுமினியச் சுருள் தீப்பிடித்தால் எந்த அணைப்பான்?

உலோகத் தீக்கென்றே உள்ள டி வகை உலர்பொடி அல்லது நன்றாகக் காய்ந்த மணல். தண்ணீர், நுரை, கார்பன் டை ஆக்சைடு மூன்றும் கூடாது. பொடியை வேகமாகப் பீய்ச்சாமல் மெதுவாகப் போர்த்துங்கள். தூசு கிளம்பினால் தீ பரவும்.

சென்னை, பாலிஷ் பட்டறைத் தொழிலாளி: நாங்கள் எதையும் உருக்குவதில்லை. எங்களுக்கும் ஆபத்து உண்டா?

உண்டு தம்பி, உங்களுக்குத்தான் அதிகம் பயப்படுகிறேன். சீனாவின் குன்ஷானில் 2014 ஆகஸ்ட் 2 அன்று கார் சக்கரம் பாலிஷ் செய்யும் ஆலையில் அலுமினியத் தூசு வெடித்து 146 பேர் இறந்தார்கள். தூசு சேகரிக்கும் தொட்டியில் ஈரம் புகுந்து, தூசு தானே சூடேறிப் பற்றியது என்று விசாரணை சொன்னது. அங்கும் ஈரம்தான் தொடங்கி வைத்தது. தினமும் தூசை அகற்றச் சொல்லிக் கேளுங்கள். காற்றுக் குழாயால் ஊதித் துடைக்கவே கூடாது.

பஹ்ரைன், உருக்காலை ஊழியர்: அண்ணா, பாட்லைனுக்குள் இதயப் பேஸ்மேக்கர் உள்ளவர் போகலாமா?

கூடாது. பாட்லைன் என்பது மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரித்தெடுக்கும் தொட்டிகளின் வரிசை. லட்சக்கணக்கான ஆம்பியர் ஓடும் இடம், காந்தப்புலம் அவ்வளவு பலமானது. இன்னொன்றும் கவனியுங்கள். ஒரு தொட்டிக்கு நான்கு வோல்ட் சொச்சம்தான். ஆனால் நூற்றுக்கணக்கான தொட்டிகள் தொடராக இணைந்திருப்பதால் வோல்ட் கூடிக்கொண்டே போகும். இரும்புக் கம்பியால் இரண்டு இடங்களை ஒரே நேரத்தில் தொட்டுவிடாதீர்கள்.

சேலம், வாசகி: மழைக்குப் பிறகு கசடுக் குவியலில் மூக்கை எரிக்கும் நெடி வருகிறதே?

அம்மோனியா. கசடில் உள்ள அலுமினியம் நைட்ரைடு தண்ணீர் பட்டதும் அதை வெளியிடும். கூடவே ஹைட்ரஜனும் வரலாம். கூரையும் நல்ல காற்றோட்டமும் உள்ள இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.

கோவை, புதிதாகச் சேர்ந்தவர்: என்ன உடை போடுவது?

பாலியஸ்டர், நைலான் வேண்டாம். உருகித் தோலோடு ஒட்டும். உருகிய உலோகத்துக்கென்றே சோதித்த உடையை நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். முகத்துக்கு ஷீல்டு, காலுக்கு லேஸ் இல்லாத, சட்டென்று உதற முடிகிற பூட்ஸ். பேண்ட்டை பூட்ஸுக்குள் சொருகாமல் வெளியே விடுங்கள். தெறித்த உலோகம் உள்ளே இறங்காது.