ஃபெர்னாண்டா மொன்டெநேக்ரோ: ஆஸ்கர் பரிந்துரைக்கு அப்பால்

கேள்வி: ‘சென்ட்ரல் டு பிரசில்’ படத்தில் ரயில் நிலையத்தில் அமர்ந்து கடிதம் எழுதித் தரும் பெண்ணாக நடித்தவர், தம் நாடான பிரேசிலில் தொலைக்காட்சி நடிகையாகத்தான் அதிகம் அறியப்படுகிறார் என்கிறார்களே, உண்மையா? அவருடைய வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல முடியுமா?

உண்மைதான். ஆனால் ‘தொலைக்காட்சி நடிகை’ என்றதும் பலர் மனத்தில் எழும் சற்றே குறைந்த மதிப்பீட்டை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் ஃபெர்னாண்டா மொன்டெநேக்ரோவைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும். திரைப்படத்தில் நாம் வியந்து பார்த்த அந்த நடிப்பு தொலைக்காட்சியை மீறி வந்ததன்று. பெருமளவு அங்கேயே பயின்று வந்தது என்பது என் உறுதியான எண்ணம். பல ஆண்டுகளாக அவருடைய நடிப்பைத் தேடித் தேடிப் பார்த்துவருபவன் என்ற முறையில் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

அவர் 1929ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் ரியோ டி ஜெனீரோவின் புறநகர்ப் பகுதியில், இயந்திரத் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஆர்லெட். போர்த்துகல்லிலிருந்தும் இத்தாலியின் சார்டீனியாத் தீவிலிருந்தும் குடியேறியவர்களின் வழி வந்த எளிய குடும்பம் அது. பதினைந்து வயதளவில் கல்வி அமைச்சகத்தின் வானொலி நிலையத்தில் சேர்ந்து, அறிவிப்பாளராகவும் வானொலி நாடக நடிகையாகவும் பணியாற்றினார். இலக்கியப் படைப்புகளை வானொலிக்கேற்ப மாற்றி எழுதவும் செய்தார். ஃபெர்னாண்டா மொன்டெநேக்ரோ என்ற பெயரை அவர் சூட்டிக்கொண்டது அந்த நாட்களில்தான். பெயரின் பிற்பாதி, குடும்பத்தார் பெரிதும் மதித்த ஒரு மருத்துவருடையது. வருமானம் போதாமல் வெளிநாட்டினருக்குப் போர்த்துகீசிய மொழியும் கற்பித்துவந்தார். முகம் தெரியாமல் குரலால் மட்டுமே ஒரு மனிதரை உருவாக்கிக் காட்டும் வானொலிப் பயிற்சி அவரிடம் நிலையாகத் தங்கிவிட்டது. அவர் நடித்த எந்தக் காட்சியையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். மொழி புரியாவிட்டாலும், பேசுபவர் அஞ்சுகிறாரா, பொய் சொல்கிறாரா, களைத்துப்போயிருக்கிறாரா என்பது புரியும்.

1950இல் முதன்முதலாக மேடை ஏறினார். அந்த நாடகத்தில் உடன் நடித்த ஃபெர்னாண்டோ டோரெஸைப் பின்னர் மணந்துகொண்டார். நடிகராகவும் இயக்குநராகவும் தயாரிப்பாளராகவும் அவருடன் சேர்ந்து உழைத்த அந்தத் துணை, 2008இல் டோரெஸ் மறையும்வரை அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. பிரேசிலில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியதும் அதே 1950இல்தான். அடுத்த ஆண்டு ரியோவில் டுப்பி தொலைக்காட்சி நிலையம் திறக்கப்பட்டபோது, அந்த நிலையம் ஒப்பந்தம் செய்த முதல் நடிகை மொன்டெநேக்ரோ. ஆகவே, அந்நாட்டுத் தொலைக்காட்சியின் வரலாறும் அவருடைய தொழில் வரலாறும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை.

அக்காலத் தொலைக்காட்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அவருடைய கலையின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஒளிப்பதிவு நாடா இன்னும் பிரேசிலுக்கு வந்திராத காலம். உலக நாடக இலக்கியத்திலிருந்தும் புதினங்களிலிருந்தும் எடுத்த முழு நீள நாடகங்களைக் கலைக்கூடத்திலிருந்து நேரடியாக ஒளிபரப்பினார்கள். 1956 முதல் ரியோவில் நடிகரும் இயக்குநருமான செர்ஜியோ பிரிட்டோவின் முன்முயற்சியில் நடந்த ‘கிராண்டே டியாட்ரோ டுப்பி’ நிகழ்ச்சியில், கிட்டத்தட்ட ஒவ்வொரு வாரமும் ஒரு புதிய நாடகம். ஒரு வாரத்துக்குள் வசனம் பாடமாக வேண்டும், ஒத்திகை முடிய வேண்டும், பின் ஒரே ஒருமுறை, திருத்த வழியில்லாமல், வீடுகளில் காத்திருப்பவர்களுக்கு நடித்துக் காட்ட வேண்டும். சொல் மறந்தால் அந்தக் கதைமாந்தராகவே இருந்துகொண்டு சமாளிக்க வேண்டும். இவ்வாறு அவர் நடித்த தொலைக்காட்சி நாடகங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. அவற்றில் பெரும்பான்மை எங்கும் பதிவாகவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஒரு பெரும் கலைஞரின் இளமைக்கால உழைப்பு முழுவதும் காற்றில் கலந்துபோயிற்று.

1959இல் கணவருடனும், செர்ஜியோ பிரிட்டோ, இத்தாலோ ரோஸ்ஸி, இத்தாலியிலிருந்து வந்த இயக்குநர் ஜான்னி ராட்டோ ஆகியோருடனும் சேர்ந்து ‘எழுவர் அரங்கு’ எனும் நாடகக் குழுவைத் தொடங்கினார். நெல்சன் ரோட்ரிகஸ் என்ற மாபெரும் நாடகாசிரியரை விடாமல் கேட்டுக் கேட்டு, தம் குழுவுக்கென 1961இல் ஒரு புதிய நாடகத்தை எழுத வைத்தவரும் இவரே. 1963இல் நடித்த முதல் தொலைக்காட்சித் தொடரும், 1965இல் லியோன் ஹிர்ஸ்மன் இயக்கத்தில் நடித்த முதல் திரைப்படமும் அதே ரோட்ரிகஸின் எழுத்திலிருந்து வந்தவைதாம்.

இனி தொடர்களுக்கு வருகிறேன். பிரேசிலின் இரவுநேரத் தொடர், வாரத்தில் ஆறு நாள் ஒளிபரப்பாகி, ஏறத்தாழ எட்டு மாதங்களில் கதையை முடித்துக்கொள்வது. ஒளிபரப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஆசிரியர் மேற்கொண்டு எழுதிச் செல்வார். மக்களின் வரவேற்பைப் பார்த்துப் பாத்திரங்கள் வளரும், தேயும், சில வேளைகளில் கதையைவிட்டே போய்விடும். தம் பாத்திரத்தின் முடிவு தமக்கே தெரியாத நிலையில் மாதக்கணக்கில் அதை உயிரோடு வைத்திருப்பது மேடையில் தேவைப்படாத ஒரு தனித் திறமை. 1981இல், தம் ஐம்பத்தொன்றாம் வயதில், குளோபோ நிலையத்தின் ‘பைலா கொமிகோ’ தொடருக்குள் நுழைந்த மொன்டெநேக்ரோ அந்தத் திறமையை எவரும் எதிர்பாராத உயரத்துக்குக் கொண்டுசென்றார். நடிகைகளுக்கு வேடங்கள் குறையத் தொடங்கும் வயதில் அவருடைய தொலைக்காட்சி வாழ்வின் பெரும் பகுதி தொடங்கியது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அதே ஆண்டில் கில்பெர்ட்டோ பிராகா எழுதிய ‘பிரில்யாண்டே’ தொடரில், நகை வணிகக் குடும்பம் ஒன்றை ஆட்டிப்படைக்கும் தாய் சிக்கா நியூமனாக வந்தார். மகன் ஆண்களை விரும்புபவன்; அவனுக்கு எப்படியாவது திருமணம் செய்துவைத்துவிடத் துடிக்கும் தாய் அவர். அன்று நாடு இராணுவ ஆட்சியின் கீழ் இருந்தது. தணிக்கையின் பிடியால் அந்த மகனின் இயல்பை வெளிப்படையாகச் சொல்ல இயலாமல், தொடர் முழுவதும் சுற்றிவளைத்தே உணர்த்த வேண்டியதாயிற்று. முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2015இல், அதே பிராகா வேறு இருவருடன் சேர்ந்து எழுதிய ‘பாபிலோனியா’ தொடரின் முதல் நாளிலேயே, எண்பத்தைந்து வயது மொன்டெநேக்ரோவும் அதே வயது நத்தாலியா டிம்பெர்கும், நெடுங்காலமாக இணைந்து வாழும் காதலர்களாக முத்தமிட்டுக்கொண்டார்கள். நாடாளுமன்றத்தின் கிறிஸ்தவ சுவிசேஷ அணியினர் கண்டன அறிக்கை வெளியிட்டார்கள், தொடரைப் புறக்கணிக்கச் சொல்லிப் பரப்புரை நடந்தது, பார்வையாளர்கள் குறைந்தார்கள், கதையின் போக்கு மாற்றப்பட்டது. டுப்பி காலத்திலிருந்து உடன் உழைத்த இரு மூதாட்டிகள், இழப்பதற்கு ஒரு பெரும் நற்பெயரை வைத்துக்கொண்டிருந்தும், அந்த வேடங்களைத் தயங்காமல் ஏற்றது எனக்கு மிகுந்த மரியாதையைத் தருகிறது. சிக்கா நியூமன் மறைக்க முயன்றதை அதே நடிகை, அதே ஆசிரியரின் எழுத்தில், அனைவர் முன்னும் வாழ்ந்து காட்டினார்; ஒரு நாட்டின் மாற்றத்தையும் மாறாமையையும் இவ்வளவு தெளிவாகக் காட்டும் தொலைக்காட்சிப் பாத்திரங்கள் எனக்குத் தெரிந்து குறைவு.

நகைச்சுவையிலும் அவருக்கு இணையில்லை. சில்வியோ டி அப்ரேயு எழுதிய ‘கெர்ரா தோஸ் செக்ஸோஸ்’ 1983இல் வந்தது. மாமனின் சொத்தாக ஒரு மாளிகையும் பெரும் அங்காடியும் இரு உறவினர்களுக்குக் கூட்டாக வந்துசேர, ஒருவரையொருவர் பொறுக்க முடியாத அவ்விருவரும் ஒரே வீட்டில் வாழ நேர்கிறது. எதிர் வேடத்தில் பாவுலோ அவுத்ரான். நாடக மேடையின் முடிசூடா மன்னர் என்று நாடே போற்றியவர். காலை உணவு மேசையில் தொடங்கும் வாக்குவாதம் முற்றி, இருவரும் பழத்தையும் ரொட்டியையும் பாலையும் ஒருவர் மீது ஒருவர் வாரி எறியும் காட்சி பிரேசில் தொலைக்காட்சியில் இன்றும் திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது. அதில் வெறும் அமளியைத்தான் பலர் பார்க்கிறார்கள். அவருடைய முதுகு நேராகவே இருப்பதையும், சீமாட்டித்தனம் ஒரு கணமும் கலையாமல் கை மட்டும் குறி தவறாமல் வீசுவதையும் கவனித்தால், துன்பியல் நாடகங்களில் பழகிய உடற்கட்டுப்பாடு அங்கே வேலை செய்வது தெரியும். ஓராண்டு முன்னர்தான் ஜெர்மானியக் கலைஞர் ஃபாஸ்பிண்டர் எழுதிய பெட்ரா வான் காண்ட் நாடகத்தில், காதலில் சிதைந்துபோகும் பெண்ணாக அவர் மேடையில் பெரும் வெற்றி கண்டிருந்தார்.

1986இல் ‘கம்பலாஷோ’வில் ஏமாற்றிப் பிழைக்கும் நானாவாக ஜான்ஃபிரான்செஸ்கோ குவார்னியெரியுடன் நடித்தார். இதே இருவர்தான் 1981இல் வெனிஸ் திரைப்பட விழாவில் சிறப்பு நடுவர் பரிசு பெற்ற, வேலைநிறுத்தத்தைப் பற்றிய ஹிர்ஸ்மனின் ‘எலிஸ் நாவ் உசாம் பிளாக்-டை’ படத்தில் தொழிலாளித் தம்பதியாக வந்தவர்கள். துயரத்தின் உச்சத்தில் சமையலறை மேசையில் ஒரு சொல்லும் பேசாமல் அவரை விதைகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கும் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு நானாவைப் பார்ப்பவர்கள் வியப்பார்கள். 1993இல் ‘ரெனாசெர்’ தொடரின் தொடக்கத்தில் சில நாட்களே வந்த விடுதிக்காரி ஜக்குட்டிங்கா, 1999இல் ‘அவுட்டோ டா கொம்பாதெசிடா’ குறுந்தொடரில் பாவிகளுக்காக மகனிடம் மன்றாடும் மாதா, 2005இல் ‘பெலீசிமா’வில் பேத்தியை இகழ்ந்து நசுக்கி, இறந்ததாக நம்பவைத்து மீண்டும் வந்து, இறுதியில் தண்டனையின்றித் தப்பும் பியா ஃபல்கான்: இவை ஒவ்வொன்றும் தனிப் பதிலுக்குரியவை.

‘சென்ட்ரல் டு பிரசில்’ இந்த நீண்ட பாதையின் நடுவில், 1998இல் வந்தது. வால்டர் சாலஸ் இயக்கிய அப்படத்தில் அவர் டோரா. எழுதத் தெரியாதவர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு கடிதம் எழுதி, அவற்றை அஞ்சலில் சேர்க்காமல் வைத்துக்கொள்ளும் ஓய்வுபெற்ற ஆசிரியை. ரியோ ரயில் நிலையத்தில் படப்பிடிப்பு நடந்தபோது, உண்மையான பயணிகள் சிலர் அவர் மேசைக்கு வந்து தங்கள் சொந்தக் கடிதங்களையே சொல்லி எழுதச் சொன்னார்கள். உடன் நடித்த சிறுவனோ, விமான நிலையத்தில் காலணி துடைத்துக்கொண்டிருந்தபோது இயக்குநர் கண்டெடுத்த பிள்ளை. ஒத்திகை காணாத மனிதர்கள் முன் அந்தந்த நொடியில் மறுமொழி தருவது, நேரடி ஒளிபரப்பில் வளர்ந்தவருக்குப் புதிதாக இருந்திருக்காது. படம் பெர்லின் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கக் கரடியையும், அவர் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடியையும் பெற்றார்கள். 1999இல் ஆஸ்கருக்குச் சிறந்த நடிகையாகப் பரிந்துரைக்கப்பட்ட முதல் பிரேசில்காரர் ஆனார். விருது க்வினெத் பால்ட்ரோவுக்குப் போயிற்று.

அதன் பிறகும் அவர் தொலைக்காட்சியை விடவில்லை என்பதே என் வாதத்துக்கு வலுவான சான்று. 2012ஆம் ஆண்டின் இறுதியில் ஒளிபரப்பான ‘டோசி டி மாய்’ தொலைக்காட்சிப் படத்தில், தனியே வாழ விரும்பும் எண்பத்தைந்து வயது பிக்குஷாவாக நடித்ததற்கு 2013இல் சர்வதேச எம்மி விருது கிடைத்தது. சிறந்த நடிகைக்கான அவ்விருதை முதன்முதலாகப் பெற்ற பிரேசில்காரர் அவரே. 1985இல் அதிபர் சர்னே பண்பாட்டு அமைச்சர் பதவியை அளிக்க முன்வந்தபோது அதை மறுத்துத் தம் தொழிலிலேயே நின்றவர், 2021இல் பிரேசில் இலக்கியக் கழகத்தின் 17ஆம் இருக்கைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

2024இல் சாலஸின் ‘ஐன்டா எஸ்டோ அக்கி’ வந்தது. இராணுவ ஆட்சியில் கணவரை இழந்த யூனிஸ் பைவாவாக மகள் ஃபெர்னாண்டா டோரெஸ் நடிக்க, அதே பெண்ணின் முதுமையைத் தாய் ஏற்றார். நினைவு மங்கிப்போன யூனிஸ், கணவரின் படம் தொலைக்காட்சித் திரையில் தோன்றும் நொடியில் முகத்தில் ஒரு சிறு அசைவைக் காட்டுகிறார். வசனம் ஏதும் இல்லை. மகளும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். 2025இல் சிறந்த சர்வதேசத் திரைப்படத்துக்கான ஆஸ்கரை முதன்முறையாக பிரேசிலுக்கு அந்தப் படம் பெற்றுத்தந்தது. அதே ஆண்டு, அவருடைய தொண்ணூற்றைந்தாம் வயதில் வெளியான ‘விட்டோரியா’வில், தம் வீட்டுச் சன்னலிலிருந்து போதைப்பொருள் கும்பலைப் படம்பிடிக்கும் மூதாட்டியாக முழுப் படத்தையும் தாங்கி நடித்தார்.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பீர்களானால், ‘சென்ட்ரல் டு பிரசில்’ படத்தை ஏற்கெனவே பார்த்துவிட்ட உங்களுக்கு நான் முதலில் சொல்வது ஹிர்ஸ்மனின் 1981ஆம் ஆண்டுப் படம். அதற்கடுத்து ‘டோசி டி மாய்’. தொடர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட பகுதிகள் கொண்டவை என்பதால் முழுவதையும் பார்க்க நேரம் இல்லாதவர்கள், ‘கெர்ரா தோஸ் செக்ஸோஸ்’ காலை உணவுக் காட்சியையும், ‘பெலீசிமா’வில் பியா ஃபல்கானும் பேத்தியும் எதிரெதிரே நிற்கும் காட்சிகளையும் மட்டுமாவது இணையத்தில் தேடிப் பார்க்க வேண்டும், மொழி தெரியாதது அவற்றுக்கு ஒரு தடையே இல்லை.