குதிரைய முதல்ல முடிங்க

வணக்கம்ண்ணா,

நெப்போலியன் 1815ல தோத்த வாட்டர்லூ சண்டைய மேஜைல பொம்மைப் படை வச்சு ஆடலாம்னு 28 மிமீ பிரெஞ்சு குய்ராசியர் (மார்க்கவசம் போட்ட கனரகக் குதிரைப்படை) பொம்மை பாக்ஸ் ஒண்ணு வாங்கிட்டேன். காலாட்படைக்கு பெயிண்ட் அடிச்சுப் பழக்கம் உண்டு, குதிரைதான் வரவே மாட்டேங்குது, ஆள் நல்லா இருக்கான், கீழ இருக்கறது பொம்மையாவே தெரியுது. எல்லாக் குதிரையும் ஒரே கலரா, மாத்தி மாத்தி அடிக்கணுமா? மார்க்கவசத்துக்கு எந்த சில்வர்?

(பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார்.)

தம்பி,

சில்வர் அப்புறம். மேஜைல இருந்து மூணடி தள்ளி நின்னா கண்ணுல படுறது பாதிக்கு மேல குதிரைதான், நீங்க ஆளுக்கு பட்டன் வரைக்கும் போட்டுட்டு குதிரைக்கு ஒரு பிரவுன், பள்ளத்துல இறங்க ஒரு வாஷ் (தண்ணியா கரைச்ச பெயிண்ட்)னு முடிச்சா அப்படித்தான் தெரியும். ரெண்டையும் ஒட்டாம தனித்தனியா அடிங்க, ஆள பாட்டில் மூடில புளூ டாக் (ஒட்டி எடுக்கற பசைக்களிமண்) வச்சு நிறுத்திக்கலாம்.

பிரவுன்லயே வகை இருக்கு. பே குதிரைன்னா உடம்பு செம்பழுப்பு, பிடரி, வால், காலோட கீழ்ப்பாதி எல்லாம் கறுப்பு. செஸ்ட்நட்டுக்கு அந்தக் கறுப்புக் கால் கிடையவே கிடையாது, பிடரியும் வாலும் உடம்பு கலர்லயோ இன்னும் வெளுத்தோ இருக்கும். இத மாத்திப் போட்டா குதிரை தெரிஞ்சவன் உடனே பிடிச்சிடுவான். வெள்ளை சாக்ஸ் போட்ட (கீழ மட்டும் வெள்ளையா இருக்கற) காலுக்கு குளம்பையும் வெளிறிய கொம்பு நிறத்துல அடிங்க. சாக்ஸ் போட ஆரம்பிச்சா கை நிக்காது, எல்லாக் குதிரைக்கும் போட்றாதீங்க.

எனக்குப் பிடிச்ச முறை ஆயில் பெயிண்ட்தான், அடியில அக்ரிலிக்ல வெளிர் ஆரஞ்சு, அது நல்லா காஞ்சப்புறம் மேல முழுக்க பர்ன்ட் அம்பர் பூசி கொஞ்ச நேரம் விட்டு ஸ்பாஞ்ச்ல லேசா துடைச்சு எடுத்தீங்கன்னா சதை மேடெல்லாம் வெளிச்சமாயிடும், பள்ளத்துல இருட்டு நிக்கும், சிற்பி ஏற்கெனவே செஞ்ச வேலைதான் அது, நாம கெடுக்காம இருந்தா போதும். காய நாள்கணக்குல ஆகும், அதனால மொத்த பாக்ஸையும் ஒரே மூச்சுல துடைச்சு வச்சுடுங்க.

கலர் மாத்தலாமான்னு கேட்டா, தாராளமா. கனரகக் குதிரைப்படைன்னா கறுப்பு, கரும்பழுப்புதான் வழக்கம், ஆனா 1812ல நெப்போலியன் ரஷ்யா மேல படையெடுத்தப்போ குதிரைங்க கூட்டம் கூட்டமா செத்துப்போச்சு, 1815ல ஜாந்தார்ம் போலீஸ் குதிரையக்கூட பிடுங்கிப் படைக்குக் குடுத்தாங்க, அதனால கலர் கலந்துதான் இருக்கும். ட்ரம்பெட்டருக்கு (எக்காளம் ஊதறவனுக்கு) மட்டும் சாம்பல் குதிரை போடுங்க, அதுதான் மரபு. சாம்பல்னு வெள்ளைய எடுத்து அப்பாதீங்க, நடுத்தர கிரேல ஆரம்பிச்சு ஏத்துங்க, தோல் கறுப்புங்கறதால மூக்கும் கண்ணைச் சுத்தியும் இருட்டாவே விடணும்.

கவசத்துக்கு கறுப்பு பேஸ், மேல ஸ்டீல், ஓரத்துல பித்தளை ரிவெட். ஒரேயடியா சில்வர் அடிச்சா எவர்சில்வர் டம்ளர் மாதிரி ஆயிடும். 11வது ரெஜிமென்ட் வேணாம், தட்டுப்பாட்டால அவங்க வாட்டர்லூல பெரும்பாலும் கவசமே இல்லாம சண்டை போட்டவங்க. எந்த ரெஜிமென்ட்னு நீங்க எழுதல, காலர் கலர் அதப் பொறுத்துதான், 1ல இருந்து 3 வரைக்கும் சிவப்பு, 7ல இருந்து 9 வரைக்கும் மஞ்சள். முடிவு பண்ணிட்டு எழுதுங்க.